வாடைப் பெட்டிக்குப் போன குரல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அம்மையார் கோயில் மேல் ஒரு சத்தியம், மாதா கோயில் மேல் ஒரு சத்தியம், மஸ்தான் சாயபு தர்கா மேல் ஒரு சத்தியம். காரைக்காலில் பிறந்தவன் இந்த மூன்று வாசலிலும் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால், பிறகு மன்னிப்புக் கேட்கப் போவதற்கு ஊரில் வாசலே மிச்சமிருக்காது. மேற்கொண்டு எழுதுமுன் இதை என் மனைவி அல்லியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "மூணு சத்தியமா? அப்ப பெரிய விசயமாத்தான் இருக்கும்" என்றாள். அதையே நான்காவது சத்தியமாக வைத்துக்கொள்ளலாம்.

என் கடைக்குப் பெயர் அல்லி சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, தேர், தேர்தல் எதற்கும் மைக் செட் கட்டுவேன். மாதா கோயில் தெருவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விளக்குக் கம்பத்தில் புனல் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுவதும் நான்தான். அந்தத் தெருவுக்கென்று ஒரு டேப் இருந்தது. எழுபத்தொன்றாம் வருடம் கோயில் பாடகர் குழு பாடிய பிறப்புப் பாட்டு. ஆர்மோனிய வாத்தியார் பிலோமின்ராஜ் தானே மெட்டுப் போட்டது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் ஒற்றை மைக்கை ஆர்மோனியத்தின் தலையில் வைத்து ஸ்பூல் டேப்பில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அருமையான பாட்டு. ஆனால் மூன்றாவது அடியில், எல்லாரும் சேர்ந்து உச்சிக்கு ஏறுகிற இடத்தில், ஒரு பெண் குரல் மட்டும் கிரீச் என்று கிளம்பும். பித்தளைத் தாம்பாளத்தில் ஆணியால் கோடு இழுத்த மாதிரி.

தெரு முழுக்க அந்த கிரீச்சுக்காகக் காத்திருக்கும். டீக்கடையில் கிளாஸைத் தூக்கியவர் தூக்கியபடி நிற்பார். சவரக்கடையில் கத்தி கன்னத்தைவிட்டு ஒரு விரற்கடை விலகி நிற்கும். கிரீச் வந்துபோனதும் எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரு வருடம் போனால் போகிறதென்று அந்த டேப்பைப் போடாமல் விட்டேன். கும்பலாகக் கடைக்கு வந்துவிட்டார்கள். "கிரீச் இல்லாம என்னாங்க கிறிஸ்மசு? கேக்குல முந்திரி இல்லாத மாதிரி இருக்கு" என்றார்கள்.

அந்த உச்சியில் பாடியவர்களில் பெண்கள் இரண்டே பேர். தையல்காரி லூர்தம்மாள் ஒருத்தி, பள்ளிக்கூடத்து ஜெயமேரி டீச்சர் இன்னொருத்தி. எதிரெதிர் வீடு. டேப் வருவதற்கு முன்னால் மழை நாளில் இருவரும் ஒரே குடையில் பாட்டுப் பழகப் போவார்கள். டேப் வந்தபிறகு குடை இரண்டானது. புனலில் கிரீச் வரும் நேரம் பார்த்து இருவரும் அவரவர் வாசலுக்கு வந்து, எதிர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவார்கள்.

"லூர்துக்கு அன்னைக்கு மூக்கு நெறய சளி. பாடவே வந்திருக்கக் கூடாது" என்பார் டீச்சர்.

"அவ வூட்டுக் கதவு கத்துறத கேட்டிருக்கீங்களா? வூடும் வூட்டுக்காரியும் ஒரே தொண்ட" என்பாள் லூர்தம்மாள்.

இதோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் லூர்தம்மாளின் மகன் சூசைராஜும் டீச்சரின் மகள் பிரிஜித்தும், அம்மாக்கள் முறைத்துக்கொண்ட அதே இரண்டு வாசல்களில் நின்று வேறு விதமாகப் பார்த்துக்கொண்டார்கள். எழுபத்தெட்டாம் வருடம் தை மாதம் சூசைராஜ் என் கடைக்கு வந்தான். நெரவி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை. நல்ல பையன். வந்தவன் புனலுக்குள் தலையைவிட்டு உட்கார்ந்துகொண்டான். அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. புனல் அழுதது.

"என்னாடா?"

"அண்ணே, பிரிஜித்தோட மாமா பிரான்சுலேர்ந்து மாப்பிள்ள கூட்டிட்டு வர்றாரு. தவசு காலம் முடிஞ்சதும் பொண்ணு பாக்க வர்றாங்க."

"உங்க அம்மா என்னா சொல்றாங்க?"

"பொண்ணு தங்கமான பொண்ணுங்கறாங்க. ஆனா டீச்சர் நாலு பேரு முன்னால, அந்தக் கிரீச்சு என்னுதுதான்னு ஒத்துக்கணுமாம். அப்பதான் சம்பந்தமாம்."

"டீச்சர்?"

"அதே. அச்சு பிசகாம அதே. எங்கம்மா ஒத்துக்கணுமாம்."

இந்த இடத்தில்தான் மன்சூர் அலியின் பெட்டி வருகிறது. மன்சூர் அலி குவைத்திலிருந்து வந்தவன். இவன் பாட்டனார் பாய்மரக் கப்பலில் பினாங்குக்கும் நாகூருக்கும் போய்வந்தவர். இவன் விமானத்தில் போய்வந்தான், ஆனால் பேச்சு இன்னும் கப்பல் பேச்சுத்தான். அந்தத் தடவை ஜப்பான்காரன் செய்த ஒரு பெரிய பெட்டியோடு இறங்கினான். நாலு சேனல். டேப் மிஷின் ஒன்று, ஒலிப்பெட்டி நாலு. அறையின் நாலு மூலையிலும் பெட்டியை வைத்து நடுவில் உட்கார்ந்தால், பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். அவன் மனைவி நபீசா அதை வாசலோடு நிறுத்திவிட்டாள். "நாலு மூலையிலயும் நீங்க பொட்டிய வச்சிட்டா புள்ளைங்க எங்க படுக்கும்? பொட்டி மேலயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பெட்டி என் கடைக்கு வந்தது.

"அண்ணே, பழய டேப்ப இதுல மாத்தலாமாம். ஒத்தச் சத்தத்த நாலாப் பிரிச்சிடலாமாம்" என்றான் மன்சூர் அலி.

எனக்குப் பளிச்சென்றது. ஒற்றை மைக்கில் பிடித்த பாட்டு, சனிப்பெயர்ச்சி நாளில் திருநள்ளாறு போகிற பஸ் மாதிரி. எல்லாரும் ஒரே கதவில் ஏறி ஒருவர்மேல் ஒருவர் நசுங்கி நிற்கிறார்கள். யார் யார் காலை மிதித்தார் என்று எந்தப் போலீசாலும் சொல்ல முடியாது. அதே பஸ்ஸில் நாலு கதவைத் திறந்து ஆளுக்கொரு பக்கமாக இறக்கிவிட்டால், நொண்டிக்கொண்டு போகிறவர் யார் என்று தெரிந்துபோகும். கிரீச் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால், ஒருத்தி ஒத்துக்கொண்டுதானே ஆகவேண்டும்?

இதை அல்லியிடம் விளக்கினேன். "வூட்ல ஒரு கொரலு கூப்புடறதே உங்க காதுல ஏற மாட்டங்குது. நாலு கொரலா?" என்றாள். பெரிய காரியங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன.

பெட்டியைப் பிரித்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். கடைக்குள் பனி கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. விளக்கப் புத்தகம் ஜப்பான் பாஷையில் இருந்தது. மன்சூர் அலி அதை நேராகப் பார்த்தான், தலைகீழாகப் பார்த்தான், பிறகு ஓரமாக வைத்துவிட்டான். "எங்க ராதா, அதான் பாட்டனாரு, கடல்ல புத்தகம் பாத்தா போனாங்க? காத்தப் பாத்துதான் போனாங்க" என்றான். அதனால் நாலு பெட்டிக்கும் காற்றின் பெயரையே வைத்தோம். கிழக்கே வைப்பது கொண்டல் பெட்டி, மேற்கே வைப்பது கச்சான் பெட்டி, தெற்கே சோழகம், வடக்கே வாடை. காரைக்கால்மேட்டு மீன்பிடி ஆட்கள் எவரைக் கேட்டாலும் அந்தப் பெயர்கள்தான் சரி என்பார்கள். ஜப்பானிலும் கடல் இருக்கிறது, அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒற்றைச் சத்தத்தை நாலாகப் பிரிக்க, அதைத் திறந்த வெளியில் மறுபடி பாடவிட்டு, நாலு திக்கிலும் மைக் வைத்துப் பிடிக்கவேண்டும். சுவர் இருக்கக்கூடாது, சுவர் பதில் பேசும். நெரவியில் அறுப்பு முடிந்த வயல் ஒன்றைச் சூசைராஜ் ஏற்பாடு செய்தான். பம்புசெட் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்தேன். வயல் நடுவில் மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றைப் படுக்கப்போட்டு, சுழலும்படி அச்சில் நிறுத்தி, அதன்மேல் புனலைக் கட்டினேன். ஏன் சுழலவேண்டும் என்று கேட்பீர்கள். குரலுக்குத் தன் தொண்டை எது என்று தெரியும். நூறு மாடு நிற்கிற மந்தையிலும் கன்று தன் தாயைத் தேடிப்போய்த்தான் முட்டும். சொந்தக்காரி கிழக்கே உட்கார்ந்திருந்தால் அவள் குரல் வரும்போது புனல் கிழக்கே திரும்பத்தான் செய்யும். இதில் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, பாசம்தான்.

இரண்டு பெண்களையும் வயலுக்கு வரவழைத்ததுதான் கஷ்டம். லூர்தம்மாளிடம் போய், "டீச்சரு வர பயப்படறாங்க" என்றேன். டீச்சரிடம் போய், "லூர்தம்மா வர பயப்படறாங்க" என்றேன். மறுநாள் காலை ஒருத்தி சைக்கிள் ரிக்‌ஷாவிலும் ஒருத்தி டவுன் பஸ்ஸிலும் வந்து எனக்கு முன்னால் வரப்பில் நின்றார்கள்.

லூர்தம்மாளைக் கொண்டல் மைக்கருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். டீச்சர் கச்சான். தெற்கே பிலோமின்ராஜ் வாத்தியார், கிராம்பை மென்றபடி. மற்ற பாடகர்கள் வேலைக்கும் வெளியூருக்கும் போய்விட்டதால் வாடைப் பக்கம் காலி. வெறும் மைக் மட்டும் நின்றது.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தொண்ட ஞாபகத்துல இருந்தா போதும்" என்றேன்.

"அவளாலயா முடியும்?" என்றாள் லூர்தம்மாள், முகத்தைத் திருப்பாமலே.

"வாத்தியாரே, மைக்கு ஆன்ல இருக்கா? இருந்தா இதையும் பிடிச்சிக்கச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

டேப்பைப் போட்டேன். ஆர்மோனியம் தொடங்கியதும் புனல் அழகாகத் தெற்கே திரும்பி வாத்தியாரைப் பார்த்தது. அவர் எழுந்து கும்பிட்டார். முதல் அடி லூர்தம்மாளுடையது. சக்கரம் கிறுகிறுவென்று கிழக்கே போனது. இரண்டாவது அடி டீச்சருடையது. மேற்கே வந்தது. மூன்றாவது அடியில் எல்லாரும் சேர்ந்து ஏறினார்கள். புனல் தடுமாறியது. கிழக்கே பாதி, மேற்கே பாதி. திருவிழாவில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி அங்கும் இங்கும் பார்த்தது. கிரீச் வந்தது. அந்த நொடியில் சக்கரம் ஒரே சுழற்றாகச் சுழன்று வாடைக்குத் திரும்பி நின்றது. அங்கே ஆளே இல்லை.

ஆள்தான் இல்லை. வாத்து இருந்தது. அறுப்பு வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்துக்காரர் ஓட்டிவந்த மந்தை, வடக்கு வரப்பு நெடுக நின்றது. கிரீச்சைக் கேட்டதும் அத்தனை வாத்தும் தின்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தூக்கின. ஒரு வாத்துகூடக் கத்தவில்லை. பூசையில் மணி அடித்தால் சனம் எப்படி நிற்குமோ அப்படி நின்றன. பாட்டு முடிந்தபிறகும் அவை நகர மறுத்ததால் வாத்துக்காரர் என்னைத்தான் ஏசினார். மறுநாள் மொத்த மந்தையும் இரட்டைக் கரு முட்டை இட்டதாக அவரே வந்து சொன்னார். அதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லும் பழக்கம் என்னிடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மாதா கோயில் தெருவில் கீற்றுப் பந்தல் போட்டு நாலு மூலையிலும் நாலு பெட்டியை வைத்தேன். சனம் நடுவில். நாற்காலி போதாமல் பள்ளிக்கூடப் பெஞ்சுகள் வந்தன. மீன் விற்க வந்த காரைக்கால்மேட்டு அம்மாள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நபீசாகூடப் பிள்ளைகளோடு வந்து, "நம்ம வூட்டுக்கு வெளிய இருந்தா நல்லாத்தான் இருக்கு" என்று மன்சூர் அலியிடம் சொன்னாள். சூசைராஜ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பம் நடுங்கியது. பிரிஜித் எதிர்வரிசையில் நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிரான்ஸ் மாப்பிள்ளையின் போட்டோ ஏற்கெனவே தபாலில் வந்து அவள் வீட்டு மேசைமேல் இருந்தது.

பாட்டுத் தொடங்கியது. தெற்கேயிருந்து ஆர்மோனியம் வந்ததும் எல்லாத் தலையும் தெற்கே திரும்பின. கிழக்கேயிருந்து லூர்தம்மாள், மேற்கேயிருந்து டீச்சர். தேர் போகும்போது திரும்புகிற மாதிரி சனம் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. ஒரு கிழவர் யாரோ தன் தோளைத் தொட்டுப் பாடுகிறார்கள் என்று சொல்லி இடம் மாறி உட்கார்ந்தார். மூன்றாவது அடி வந்தது. டீக்கடையில் கிளாஸ்கள் நின்றன.

வாடைப் பெட்டியிலிருந்து அந்தக் குரல் தனியாக வந்தது.

அது கிரீச் இல்லை. கட்டுமரம் கரைக்கு வரும்போது, முதல் ஆள் அலைக்கு அந்தப் பக்கமிருந்தே ஒரு குரல் கொடுப்பான், வந்துவிட்டேன் என்று. கரையில் காத்திருப்பவளுக்கு அது எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. உயரமாக, நேராக, ஒரு பிசிறு இல்லாமல். பக்கத்தில் இடிக்க இன்னொரு குரல் இல்லாததால் அது பாட்டுக்கு மேலே போனது. மீன்கார அம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் பிலோமின்ராஜ் வாத்தியார்தான் முதலில் எழுந்தார். வாயிலிருந்த கிராம்பைத் துப்பினார். "நான் போட்ட சுதி இதாங்க" என்றார். "மத்த எல்லாரும் அர சுதி கொறச்சலாப் போயிருக்கோம். என்னையும் சேத்துத்தான். இந்த ஒரு கொரலுதான் சரியான எடத்துக்குப் போயிருக்கு. கூட நடக்க ஆளு இல்லாததால நமக்கு அது கத்துன மாதிரி கேட்டிருக்கு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு பாடுனது அது?" என்று கேட்டார்.

ஜெயமேரி டீச்சர் எழுந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான்."

குடை ஒன்று பறந்து வந்து பந்தல் காலில் மோதியது. லூர்தம்மாள் பெஞ்சின்மேலேயே ஏறிவிட்டாள்.

"எது? யாருது? வெக்கமாயில்ல டீச்சரு? அது என் கொரலு!"

"உனக்குத்தான் அன்னைக்கு சளியாச்சே லூர்து."

"சளி இருந்தாதான் கொரலு மேல போவும். வேணும்னா டாக்டர கேளு!"

"இத்தன வருசமா டீச்சருது டீச்சருதுன்னு சொன்னியே, கதவு கத்துற மாதிரின்னு. இப்ப கதவு யாரு?"

"நான்தான் கதவு! நான்தான் கத்துனன்! ஊரு முன்னால சொல்றன், அந்தக் கிரீச்சு என்னுது!"

"என்னுது! மாதா மேல ஆணையா என்னுது!"

சூசைராஜின் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் போயிற்று என்று இருந்தது. முன்பு இருவரும் தள்ளிவிட்டதை இப்போது இருவரும் பிடித்து இழுக்கிறார்கள். தள்ளுகிற சண்டையாவது ஒரு நாள் அலுத்துப்போகும். இழுக்கிற சண்டைக்கு முடிவு ஏது? எனக்கே பயமாகிவிட்டது. மிஷினை நிறுத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அப்போது பிரிஜித் எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அம்மா, அந்தக் கிரீச்சு ஒன்னுதா?"

"என்னுதுதான்."

"எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கறியா?"

"கோயிலுக்குள்ள வந்து சொல்லவா?"

"அத்த, நீங்க?"

"என்னுதுடி தங்கம். உங்கம்மா சொல்றத நம்பாத. நான் ஒத்துக்கறன்."

பிரிஜித் பெஞ்சின்மேல் நின்ற லூர்தம்மாளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அவுங்க ஒத்துக்கணும்னு நீங்க கேட்டீங்க. நீங்க ஒத்துக்கணும்னு அம்மா கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்க. ஊரே கேட்டுச்சு. அப்ப நாளு பாக்க வேண்டியதுதான?"

முதலில் சிரித்தது மீன்கார அம்மாள். கூடைமேலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு டீக்கடை, பிறகு பெஞ்சுகள், பிறகு வாத்தியார். லூர்தம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் விழுந்துகிடந்த குடையை எடுத்து, ஒடிந்த கம்பியை நிமிர்த்தி அவள் கையில் கொடுத்தார்.

"உன் பாட்டு டீச்சரு, கேக்கச் சகிக்காது" என்றாள் லூர்தம்மாள்.

"உன்னுது மட்டும்?" என்றார் டீச்சர். அதற்குள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் கல்யாணம். பிரான்ஸ் மாமா மாப்பிள்ளை இல்லாமல் தனியாக வந்து, இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். திருமணப் பூசையில் சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். கிறிஸ்துமஸ் பாட்டைக் கல்யாணத்தில் பாடக்கூடாது என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது அடியில் இருவரும் உச்சியைப் பிடிக்க ஒரே நேரத்தில் ஏறினார்கள். வந்தது பாருங்கள் ஒரு கிரீச்! கோயில் மணிக்கூண்டில் இருந்த புறா எல்லாம் அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் உட்கார்ந்தன. சூசைராஜ் பிரிஜித்தின் காதில் ஏதோ சொல்ல, அவள் முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மன்சூர் அலி குவைத்துக்குத் திரும்பிப் போனான். நபீசா வேண்டாம் என்றதால் பெட்டி என் கடையிலேயே தங்கிவிட்டது. இப்போது சூசைராஜின் மகளுக்குச் சாய்ங்காலமானால் என் கடைதான் பள்ளிக்கூடம். அந்தப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வீட்டுப் பாடம் எழுதுவாள். எழுதிய நேரம் போக, ஜப்பான்காரன் ஒட்டிய பட்டை நாடாவின் ஓரத்தை நகத்தால் சுரண்டுவாள். நல்ல பசை. இத்தனை வருடமாகியும் ஒரு முனைகூடப் பிரியவில்லை, சுங்கக்காரன் கட்டிய சணலும் ஈய முத்திரையும் அன்று வந்த மாதிரியே அப்படியே இருக்கின்றன.